காத்திருக்கும் வேளாண்மைக்காரன்

(வேதப் பாடம் – குடும்பமாகவும் கிராமக் குழுவாகவும் படிப்பதற்கு)

வாசிக்க வேண்டிய பகுதிகள்: யாக்கோபு 5:1–11, எரேமியா 28, 29, 32ஆம் அதிகாரங்கள், 1 தெசலோனிக்கேயர் 4:9 முதல் 5:11 வரை.

பாடத்தின் நோக்கம்: கிறிஸ்துவின் வருகையை எதிர்பார்ப்பதும், இந்தப் போகத்துக்கு விதைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதை அறிதல். அந்த எதிர்பார்ப்போடு நமது வயல், வீடு, பிள்ளைகள், கடன், காணி ஆகியவற்றை எப்படி நடத்துவது என்று ஆராய்தல்.



"ஆண்டவர் சீக்கிரம் வரப்போகிறார் என்கிறீர்கள். அப்படியானால் ஆறேழு வருஷம் கழித்துக் காய்க்கப்போகிற தென்னையை நான் ஏன் நட வேண்டும்?" இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூடுகிற ஜெபக்கூட்டங்களில் இப்படியொரு கேள்வி எழுவதுண்டு. கேட்பவர் விளையாட்டுக்காகக் கேட்பதில்லை. நட்டதை இழந்தவரே இப்படிக் கேட்பார்.

நமது கரையின் கதையை எண்ணிப் பாருங்கள். 1978 நவம்பர் மாதத்துச் சூறாவளி ஒரே இரவில் தென்னந்தோப்புகளை முறித்துப் போட்டது. 1990இல் தமிழ்க் கிராமங்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் இரத்தம் சிந்தியது. விளைந்த வயலை விட்டு ஓடியவர்கள் பலர். 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் எழும்பி வந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர் ஊராக மாண்டவர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது. 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெருவெள்ளம் விளைந்த நெல்லை அழித்தது. ஒவ்வொரு முறையும், "இதுதான் கடைசிக் காலம்" என்று சொல்லும் குரல்கள் எழுந்தன.

நம்மில் பலருக்கு இன்னொரு காத்திருப்பும் உண்டு. அது சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளுக்கான காத்திருப்பு. பொத்துவில் கனகர் கிராமத்திலிருந்து 1990இல் வெளியேறிய மக்கள், 2018இலும் தங்கள் காணியைக் கேட்டுத் தெருவோரம் அமர்ந்து போராடினார்கள். காத்திருந்து காத்திருந்தே கண்ணை மூடியவர்களும் உண்டு. ஆகவே, காத்திருத்தல் என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் புத்தகத்திலிருந்து படிப்பிக்க வேண்டியதில்லை. எப்படிக் காத்திருப்பது என்பதையே இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

1. சிதறடிக்கப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம்

யாக்கோபின் நிருபத்தைத் திறந்து முதல் வசனத்தைப் பாருங்கள். அது சிதறுண்டு போன பன்னிரு கோத்திரத்தாருக்கு எழுதப்பட்டது. சொந்த ஊரில், சொந்த நிலத்தில், பாதுகாப்பாக இருந்தவர்களுக்கு அல்ல, பிற இடங்களில் பிறர் நடுவே வாழ்ந்தவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. அவர்களுக்கு ஆண்டவரின் வருகையைப் பற்றிச் சொல்ல வரும்போது யாக்கோபு யாரை முன்மாதிரியாக நிறுத்துகிறார்? குருவையோ துறவியையோ அல்ல. பயிர் செய்கிற ஒரு மனிதனை நிறுத்துகிறார் (5:7). நிலத்தின் விளைவுக்காக அவன் பொறுமையோடு இருப்பதையும், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருப்பதையும் காட்டுகிறார்.

பலஸ்தீன நாட்டில் முன்மாரி ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்யும். கோடையில் இறுகிப் போன நிலத்தை இளக்கி, உழவுக்கும் விதைப்புக்கும் ஏற்றதாக்குவது அந்த மழை. பின்மாரி மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்து கதிரை முற்றச் செய்யும். அதன்பின் வாற்கோதுமையும் கோதுமையும் அறுவடையாகும். இந்த இரண்டு மழையையும் எந்த வேளாண்மைக்காரனாலும் பெய்யப்பண்ண முடியாது. மழை தேவனுடைய கையில் இருக்கிறது. கலப்பை அவனுடைய கையில் இருக்கிறது. இந்த வேறுபாட்டை அறிந்தவனே நல்ல வேளாண்மைக்காரன்.

2. இரண்டு மழைக்கும் நடுவே என்ன நடக்கிறது?

இதை நகரத்தவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை. நமது பெரும்போகத்தையே எடுத்துக்கொள்வோம். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளும் விதைப்பு நாளும் தீர்மானிக்கப்படும். வட்டைவிதானை வாய்க்காலைப் பார்ப்பார். உழவு நடக்கும். வரம்பு செப்பனிடப்படும். விதைநெல் ஊறப்போட்டு முளைகட்டி வீசப்படும். அதன்பிறகு மூன்று, மூன்றரை மாதம் "காத்திருக்கிறோம்".

அந்த மூன்று மாதமும் வேளாண்மைக்காரன் பாயை விரித்துப் படுத்திருக்கிறானா? களை பிடுங்குகிறான். பசளை இடுகிறான். புகையான் விழுந்திருக்கிறதா என்று அடித்தூரைப் பார்க்கிறான். மழை கூடினால் வரம்பை வெட்டி நீரை வடிக்கிறான். குறைந்தால் பக்கத்து வயற்காரரோடு பேசி முறைவைத்துப் பாய்ச்சுகிறான். இரவில் வாடியில் கிடந்து பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்கிறான். பால் பிடிக்கும் காலத்தில் குருவி விரட்டுகிறான். இவ்வளவு செய்தும் ஒரு கதிரையாவது அவன் இழுத்து வளர்த்துவிட முடியாது. மாற்கு 4ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையும் இதுதான்: விதைத்தவன் தூங்கி எழும்புகிறான், விதையோ அவனுக்குத் தெரியாத விதத்தில் வளர்கிறது.

இந்தப் பாடத்தின் மையம் இதுவே. வேதம் சொல்லும் காத்திருத்தல் ஒரு வேலை. கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பது காத்திருத்தல் ஆகாது. மழை வரும் என்று நம்புகிறவன்தான் உழுவான். உழாதவன் மழையை நம்புகிறேன் என்று சொன்னால் ஊரே சிரிக்கும். அவ்வாறே ஆண்டவர் வருவார் என்று நம்புகிற வீட்டில் இன்றைய வேலை நிற்காது. அது இன்னும் கவனமாக நடக்கும்.

3. வெட்டுக்காரரின் கூலி

யாக்கோபு 5:7ஐ வாசிக்கிற நாம், அதற்கு முந்திய வசனங்களைத் தாண்டிப் போய்விடுகிறோம். 5:4இல் என்ன இருக்கிறது? அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் நிறுத்திவைத்த கூலி கூக்குரலிடுகிறதாம். அந்தக் குரல் தேவனுடைய செவியை எட்டியிருக்கிறதாம். அதற்குப் பிறகுதான் "பொறுமையாயிருங்கள்" என்ற ஆலோசனை வருகிறது.

ஆண்டவரின் வருகையை யாக்கோபு நினைவூட்டுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். வருகிறவர் கணக்குக் கேட்பார். போடியாருடைய கணக்கையும் கேட்பார், வெட்டுக்காரருடைய கணக்கையும் கேட்பார். இடம்பெயர்ந்தவர் என்ற காரணத்தால் நாள்கூலியைக் குறைத்துக் கொடுத்தவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நிவாரணப் பட்டியலில் பொய்ப் பெயர் எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் பொழியைத் தள்ளிக் கட்டியவரும் பதில் சொல்ல வேண்டும். அவர் நம்மவராக இருந்தாலும் சரி, பிறராக இருந்தாலும் சரி.

5:9இல், ஒருவருக்கு விரோதமாக ஒருவர் முறையிட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நியாயாதிபதி வாசற்படியில் நிற்கிறார் என்ற கருத்து வருகிறது. முகாமிலும், ஒரே காணியில் பல குடும்பங்கள் நெருங்கி வாழும் இடத்திலும், கிணற்றடியிலும் எழுகிற சண்டைகளுக்கு இது நேராகப் பொருந்தும். நெடுநாள் காத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொள்வது எளிது. அநீதியைச் செய்தவரை விட்டுவிட்டு, அருகில் இருப்பவர் மேல் கோபத்தை இறக்குகிறோம்.

4. தெசலோனிக்கேயில் நடந்தது

கிறிஸ்துவின் வருகையும் அன்றாட வாழ்க்கையும் மோதிக்கொண்ட முதல் இடம் மக்கெதோனியா நாட்டுத் தெசலோனிக்கே பட்டணம். அங்கே பவுல் தங்கியது சில காலமே. கலகம் எழும்பியதால் இரவோடிரவாக வெளியேற வேண்டியதாயிற்று (அப்போஸ்தலர் 17). ஏறக்குறைய கி.பி. 50ஆம் ஆண்டளவில் அந்தச் சபைக்கு அவர் கடிதம் எழுதினார். அங்கே இரண்டு சிக்கல்கள் இருந்தன.

முதலாவது, துக்கம். ஆண்டவர் வருமுன்னே தங்களில் சிலர் இறந்துவிட்டார்களே, அவர்களுடைய நிலை என்ன என்று அவர்கள் கலங்கினார்கள். பவுல் அவர்களைத் திட்டவில்லை. இறந்தவர்கள் பின்தள்ளப்பட மாட்டார்கள், அவர்களே முந்தி எழுந்திருப்பார்கள் என்று ஆறுதல் சொல்லுகிறார் (4:13–18). ஊருக்குத் திரும்பாமலே முகாமில் அடக்கம் செய்யப்பட்ட தாய் தகப்பனை நினைத்து அழுகிறவர்களுக்கும், கடல் கொண்டுபோன பிள்ளையின் உடலையும் காணாதவர்களுக்கும் இந்த வார்த்தைகள் உரியவை. இரண்டாம் வருகையைப் பற்றிய போதனை புதிய ஏற்பாட்டில் பயமுறுத்துவதற்காக மட்டும் வருவதில்லை. துக்கப்படுகிறவர்களைத் தேற்றுவதற்காகவும் வருகிறது.

இரண்டாவது, வேலையை விட்டவர்கள். சிலர் ஒழுங்கில்லாமல் திரிந்து, பிறர் காரியங்களில் தலையிட்டு, பிறர் கையை எதிர்பார்த்துச் சாப்பிட்டார்கள். கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற பேச்சும் அங்கே பரவியிருந்தது (2 தெசலோனிக்கேயர் 2:2). அமைதியாக இருங்கள், சொந்தக் கையால் வேலை செய்யுங்கள் என்பதே பவுலின் மறுமொழி. அவரும் கூடாரத் தொழில் செய்து உழைத்துச் சாப்பிட்டவர்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. வேலை செய்யாதவன் உண்ணவும் வேண்டாம் என்ற கருத்தை (3:10) ஏழைகளுக்கு எதிராகச் சிலர் வீசுவதுண்டு. வசனத்தைக் கவனமாக வாசியுங்கள். வேலை செய்ய மனதில்லாதவனைப் பற்றியே அங்கு பேசப்படுகிறது. வயல் பறிபோனதால் வேலை இல்லாதவன் வேறு. குண்டுபட்டுக் காலிழந்தவன் வேறு. கைக்குழந்தையோடு இருக்கும் விதவை வேறு. அவர்களுக்கு உதவுவது சபையின் கடமை. நன்மை செய்வதில் சோர்ந்துபோக வேண்டாம் என்று அதே பகுதியில் (3:13) பவுல் எழுதியிருக்கிறார். நிவாரணத்தை வாங்குவது வெட்கம் அல்ல. நிவாரணம் மட்டும் போதும் என்று விதைப்பதை மறந்துவிடுவதே ஆபத்து.

5. நாள் குறிக்கிறவர்கள்

அந்த நாளையும் நேரத்தையும் பிதா ஒருவரைத் தவிர யாரும் அறியார் என்று இயேசுவே சொல்லியிருக்க (மத்தேயு 24:36), நாள் குறிக்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் எழும்பியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயியின் போதனையைப் பின்பற்றியவர்கள், 1844 ஒக்டோபர் 22ஆந் திகதி கிறிஸ்து வருவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர்களில் சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டார்கள். அந்த நாள் மற்ற நாட்களைப் போலவே கழிந்தது.

நமக்குச் சமீபமாக, திருவிதாங்கூரில், பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராகிக் குருவானவரும் ஆன யுஸ்தூஸ் யோசேப்பு என்பவர் இருந்தார். மக்கள் அவரை வித்துவான் குட்டி என்று அழைத்தார்கள். சிறந்த பாடலாசிரியர். 1875ஆம் ஆண்டளவில் எழுந்த ஒரு எழுப்புதலில், ஆறு ஆண்டுகளுக்குள் ஆண்டவர் வருவார் என்ற தீர்க்கதரிசனத்தை அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் நம்பிப் பரப்பினார்கள். 1881ஆம் ஆண்டும் வந்து கழிந்தது. படிப்பும் பக்தியும் உள்ளவர்களும் இதில் தவறக்கூடும் என்பதற்காகவே இதைச் சொல்லுகிறோம்.

தென் கொரியாவில் டாமி என்னும் சபையார் 1992 ஒக்டோபர் 28ஐக் குறித்தார்கள். பலர் வேலையை விட்டார்கள். சிலர் வீடு காணிகளை விற்றார்கள். அந்தச் சபையின் தலைவரோ, அந்த நாளுக்குப் பின்னரே முதிர்ச்சியடையும் முதலீட்டுப் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார்! மோசடிக் குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டார்.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய சோதனை எளிதானது. ஒருவர் வந்து, முடிவு நெருங்கிவிட்டது, ஆகவே உங்கள் நகையையும் காணியையும் கொடுங்கள் என்றால், அவர் தம்முடைய காணியை என்ன செய்தார் என்று கேளுங்கள். பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்தச் சொன்னால், மருந்தை விடச் சொன்னால், அயலாரை வெறுக்கச் சொன்னால், அது ஆண்டவரின் குரல் அல்ல. அவர் வரும்போது, வீட்டாருக்கு ஏற்ற வேளையில் உணவு கொடுத்துக்கொண்டிருக்கும் ஊழியனையே பாக்கியவான் என்று சொல்லுவார் (மத்தேயு 24:45–46). உணவு கொடுக்க வேண்டுமானால் யாரோ சமைக்க வேண்டும். சமைக்க வேண்டுமானால் யாரோ விதைத்திருக்க வேண்டும்.

6. பாபிலோனுக்கு வந்த கடிதமும் மண்பாண்டத்தில் வைத்த உறுதியும்

எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களும் இடம்பெயர்ந்தோரே. இரண்டு ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி அறிவித்தான் (எரேமியா 28). கேட்பதற்கு இனிமையான செய்தி. அதை நம்பினால் யாரும் வீடு கட்ட மாட்டார்கள், மூட்டையை அவிழ்க்காமலே இருப்பார்கள். எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்றது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் நலனைத் தேடுங்கள் என்ற ஆலோசனையும் அதில் இருந்தது (29:4–10). திரும்புவீர்கள் என்ற வாக்கையும் அதே கடிதம் கொடுத்தது. இந்த இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். "இங்கே வேரூன்றினால் ஊரை மறந்ததாகிவிடும்" என்று அஞ்சுகிறவர்களுக்கு எரேமியா சொல்லும் பதில் இது: தோட்டம் போடுவது ஊரை மறப்பதல்ல. ஊர் திரும்பும் வரை பிள்ளைகளை உயிரோடும் ஒழுக்கத்தோடும் வைத்திருப்பதற்கான வழி.

32ஆம் அதிகாரத்தில் இன்னும் ஆச்சரியமான ஒரு சம்பவம் இருக்கிறது. பாபிலோன் சேனை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அந்த வேளையில் தம் உறவினரிடமிருந்து ஆனதோத் ஊரிலுள்ள ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகளை வைத்து, பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, நெடுநாள் பழுதாகாதபடி மண்பாண்டத்தில் வைக்கும்படி பாரூக்கிடம் கொடுக்கிறார். யுத்தத்தின் நடுவே காணி வாங்குவது புத்தியற்ற வேலையாகத் தோன்றும். ஆனால் இந்த நாட்டில் வீடுகளும் நிலங்களும் மறுபடியும் வாங்கப்படும் என்ற தேவனுடைய வாக்கை அவர் பேச்சில் மட்டும் காட்டவில்லை. உறுதி எழுதிக் காட்டினார். நம்பிக்கைக்கு ஒரு ஆவணம் இருந்தது.

7. விழிப்பு வேறு, பயம் வேறு

2012 ஏப்ரல் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. சுனாமி எச்சரிக்கை கிடைத்ததும் நமது கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. மறுநாள் வேலைக்குத் திரும்பினார்கள். ஓடியது தவறா? இல்லை. மறுநாள் வேலைக்குப் போனது தவறா? அதுவும் இல்லை.

எந்த வழியாக ஓடுவது என்று தெரிந்து வைத்திருப்பது விழிப்பு. ஒவ்வொரு இரவும் அலை வருமென்று நினைத்துத் தூங்காமல், கடலுக்கும் போகாமல், வயலுக்கும் போகாமல் இருப்பது பயம். பத்துக் கன்னிகைகளின் உவமையில் (மத்தேயு 25) பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். புத்தியுள்ள ஐவரும் கண்விழித்திருந்து ஜெயிக்கவில்லை. அவர்களிடம் எண்ணெய் இருந்தது. ஆயத்தமாக இருக்கிறவன் தூங்கலாம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வருகையையே மறந்து வாழ்வதும் உண்டு. விளைச்சல் பெருகி, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டி, இனி உண்டு குடித்து மகிழலாம் என்று நினைத்த ஐசுவரியவானைப் பற்றி லூக்கா 12ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அவன் கெட்டிக்கார விவசாயி. விதைத்ததும் அறுத்ததும் அவனுடைய தவறு அல்ல. அவனுடைய கணக்கில் தேவனும் இல்லை, அயலானும் இல்லை. இன்னும் முகாமில் இருக்கும் பழைய அயல்வீட்டாரை மறந்து, திரும்பிவந்த நாம் மட்டும் களஞ்சியம் கட்டினால் நாமும் அவனே.

8. ஒரே வாய்க்காலின் இரு கரையில்

கல்லோயாத் திட்டத்தின் நீர் தமிழருடைய வயலுக்கும் முஸ்லிம்களுடைய வயலுக்கும் சிங்களவருடைய வயலுக்கும் பாய்கிறது. கல்முனைப் பகுதியில் நமது அயலார் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்களும் கியாமத் நாளை நம்புகிறவர்கள். ஈஸா நபி திரும்பி வருவார் என்பதையும் நம்புகிறவர்கள். அந்த நேரம் இறைவனுக்கு மட்டுமே தெரியும் என்று அவர்களுடைய வேதமும் போதிக்கிறது. உலக முடிவு நேரம் வந்துவிட்டாலும், ஒருவர் கையில் ஒரு கன்று இருந்து அதை நட முடியுமானால் நட்டுவிட வேண்டும் என்ற கருத்துள்ள நபிமொழி ஒன்று அவர்களிடையே வழங்குகிறது. நமது விசுவாசமும் அவர்களுடைய விசுவாசமும் பல இடங்களில் வேறுபடுகின்றன. ஆனால் தென்னங்கன்றைப் பற்றிய அந்தக் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலை நாமும் மரியாதையோடு கேட்கலாம்.

நமது திருச்சபை வரலாற்றிலும் ஒரு முன்மாதிரி உண்டு. மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார். 1815 ஏப்ரலில் நோயினால் இறந்தார். ஒரு வருஷமும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அந்தச் சில மாதங்களில் அவர் பிள்ளைகளுக்குப் பாடசாலை நிறுவும் வேலையைத் தொடங்கினார். பாடசாலை என்பது தென்னையைப் போன்றது. பலன் தர வருஷக்கணக்காகும். அவர் காணாத பலனை மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அனுபவித்து வந்திருக்கிறார்கள்.

9. இந்தப் போகத்தில் நாம் செய்யக்கூடியவை

விதைநெல்: அறுவடை முடிந்தவுடன் முதலில் விதைநெல்லைப் பிரித்து நன்றாகக் காயவைத்து, வேறு சாக்கில் அடையாளமிட்டு வையுங்கள். பசி வந்து அதைக் குற்ற வேண்டிய நிலை ஏற்பட்டால், குற்றுமுன் குழுவிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு குடும்பமும் சிறிதளவு போட்டுப் பொது விதைக் களஞ்சியம் ஒன்று வைத்தால், ஒரு வீட்டின் பசி அடுத்த போகத்தை விழுங்காது.

குறும்பயிரும் நெடும்பயிரும்: பிறர் காணியில் தங்கியிருப்பவர்கள் கௌபி, பயறு, கச்சான், கீரை போன்ற குறும்பயிரைச் செய்யலாம். முருங்கைத் தடியை நடலாம். தென்னை, மா போன்றவற்றுக்குக் காணிச் சொந்தக்காரரின் சம்மதத்தைக் கேளுங்கள். சம்மதம் இல்லையென்றால் கன்றுகளைப் பையில் வளர்த்து வையுங்கள். திரும்பும் நாளில் கையோடு கொண்டுபோகலாம்.

காணி ஆவணங்கள்: உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரி ரசீது எதுவானாலும் நனையாதபடி பொலித்தீன் உறையில் வையுங்கள். பிரதி எடுத்து வேறொரு வீட்டிலும் வையுங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள், தமக்குப்பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளியை நியமித்துப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். பெண்பிள்ளைகளையும் மனைவியையும் மறந்துவிட வேண்டாம். இது எரேமியாவின் மண்பாண்டம்.

கூலியும் கடனும்: வெட்டுக்காரரின் கூலியை நெல் விற்ற அன்றே கொடுங்கள். நகையை ஈடு வைக்கும்போது மீட்கும் திகதியைக் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதி வையுங்கள். கடைசிக் காலம் வந்துவிட்டது, ஆகவே கடனைக் கட்ட வேண்டாம் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

பிள்ளைகள்: அறுவடைக் காலத்திலும் பாடசாலைக்கு அனுப்புங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் இப்போதே சொல்லிப் புதிய பிரதி எடுக்க முயலுங்கள்.

இறந்தோர் நினைவு: வருஷத்தில் ஒரு நாள், காணாமற்போனவர்களையும் இறந்தவர்களையும் பெயர் சொல்லி நினைத்து ஜெபியுங்கள். அழுகையை அடக்கச் சொல்லாதீர்கள். அழுகையும் எதிர்பார்ப்பும் சேர்ந்தே இருக்கலாம்.

கலந்துரையாடுவதற்கான வினாக்கள்

1. யாக்கோபு ஏன் வேளாண்மைக்காரனை முன்மாதிரியாக எடுத்தார்? அவனால் செய்ய முடிந்தவை எவை, முடியாதவை எவை? உங்கள் வாழ்க்கையில் இந்த இரண்டையும் பிரித்து ஒரு பட்டியல் எழுதுங்கள்.

2. "இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகும்" என்று நமக்கும் பலர் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாக்குகளை நம்பி நாம் செய்யாமல் விட்டவை எவை?

3. வேலை செய்ய மனமில்லாதவர், வேலை கிடைக்காதவர் என்ற வேறுபாட்டை நமது குழு எப்படி அறிந்து உதவுகிறது?

4. நமது கிராமத்தில் யாருடைய கூலி நிறுத்தப்பட்டிருக்கிறது? யாருடைய பொழி தள்ளப்பட்டிருக்கிறது? அதைச் சரிசெய்ய யாரிடம் பேச வேண்டும்?

5. ஆண்டவர் இன்று மாலை வந்தால், நாம் எந்த வேலையைச் செய்துகொண்டிருக்கக் காண விரும்புவார்?

6. அயலிலுள்ள முஸ்லிம் விவசாயிகளோடு சேர்ந்து இந்தப் போகத்தில் செய்யக்கூடிய ஒரு வேலை என்ன? வாய்க்கால் துப்புரவா, யானைக் காவலா?

செயற்பாடு

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் முளைத்த தேங்காய் ஒன்றையோ, ஏதாவது ஒரு கன்றையோ கொண்டுவரட்டும். கூட்டத்தில் உள்ள மிக வயது முதிர்ந்தவரும் மிகச் சிறிய பிள்ளையும் சேர்ந்து முதலாவது கன்றை நடட்டும். அதன் காயை அந்த முதியவர் பறிக்காமல் போகலாம். ஆனால் அவர் நட்டது என்று பிள்ளை சொல்லும்.

ஜெபம்

ஆண்டவரே, மழை உமது கையில் இருக்கிறது; மண்வெட்டி எங்கள் கையில் இருக்கிறது. உமது நாளை அறியாத எங்களுக்கு இன்றைய நாளின் வேலையை அறியத்தாரும். இழந்தவர்களை மறவாமலும், அயலாரை வெறுக்காமலும், கூலியை நிறுத்தாமலும், நீர் வரும் மட்டும் விதைத்துக்கொண்டிருக்க எங்களுக்குப் பெலன் தாரும். ஆமென்.